முழுநேரமாகப் படிப்பதா, ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே தேடுவதா?

பட்டம் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 எழுதினீர்கள், கொஞ்சத்தில் போய்விட்டது. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் தினமும் விண்ணப்பம் போகிறது, பதில் வருவதில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போவதை நீங்களே குறைத்துக்கொண்டீர்கள். இந்த இடத்தில் நிற்பவரிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "விட்டுடாதப்பா, முயற்சி பண்ணிக்கிட்டே இரு."

சரி, எதை விடாமல் இருப்பது? அதை யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் வேலை தேடும் பட்டதாரிக்குப் பொதுவாக மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரசுத் தேர்வுக்கு உட்காருவது ஒன்று. சின்னதாக ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு மீதி நேரத்தில் படிப்பதோ தேடுவதோ இன்னொன்று. தேர்வையெல்லாம் மறந்துவிட்டுச் சென்னை, கோவை என்று போய்த் தனியார் வேலையை மட்டும் துரத்துவது மூன்றாவது. வெளிநாடு நான்காவது. எந்த வழியில் அதிகம் சம்பாதிக்கலாம் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறோம். நான் வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: எந்த வழியில் உங்களால் இன்னும் இரண்டு வருடம் உடையாமல் தாக்குப்பிடிக்க முடியும்? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழிதான். முதல் வழி சிலருக்கு மட்டும் பொருந்தும். அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முழுநேரமாக உட்காருவது

இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குரூப் 4இல் இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டுவாடகைப்படி எல்லாம் சேர்த்தால், பிடித்தம் போகும் முன் மொத்தம் முப்பதாயிரத்தைத் தாண்டும். அதே ஊரில் அதே பட்டத்துக்குத் தனியாரில் பன்னிரண்டாயிரம் கிடைத்தாலே பெரிது. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இரண்டு வருடத்தை முதலீடாகப் போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதிலும் குரூப் 4 ஒரே ஒரு தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் சரிபாதி தமிழ். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, நேர்காணல் கிடையாது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இதை நம்புவதில் தப்பே இல்லை.

பிரச்சினை காலத்தில்தான். 2019 செப்டம்பரில் குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24. நடுவில் கொரோனா வந்தது உண்மைதான், ஆனால் காத்திருந்தவர்களுக்குப் போனது ஏறத்தாழ மூன்று வருடம். அந்த 2022 தேர்வின் முடிவு வந்தது 2023 மார்ச் 24 அன்று, அதாவது எழுதி எட்டு மாதம் கழித்து. 2023இல் குரூப் 4 நடக்கவே இல்லை. 2024 ஜூன் 9 தேர்வுக்கு அக்டோபர் 28இல் முடிவு வந்தது. 2025 ஜூலை 12 தேர்வுக்கு அக்டோபர் 22இல் வந்துவிட்டது. வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பில் இருந்த பணியிடங்களைப் பாருங்கள்: 2022இல் 7,301, 2024இல் 6,244, 2025இல் 3,935. பின்னால் கூட்டுவார்கள், மூன்று முறையும் கூட்டினார்கள். இருந்தாலும் இறங்குமுகம் தெரிகிறது. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறார்கள். குரூப் 2 இன்னும் நீளம். 2022 மே மாதம் பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 2023 பிப்ரவரியில் மெயின்ஸ் எழுதி, 2024 ஜனவரியில்தான் அதன் முடிவைப் பார்த்தார்கள்.

இதைவிட முக்கியமான ஒரு சங்கதி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 2001 முதல் 2006 வரை, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஆசிரியர், மருத்துவர், காவலர் போன்ற பணிகள் நீங்கலாகப் புதிதாக ஆள் எடுப்பதைத் தமிழக அரசு பெரும்பாலும் நிறுத்தி வைத்திருந்தது. இடமே இல்லை என்றால் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் அந்தக் காலத்துத் தரவுகளை எடுத்துப் பார்த்தார். நடந்தது தலைகீழ். அந்த ஆண்டுகளில் கல்லூரி முடித்த ஆண்கள் வேலைக்குப் போகாமல் படித்துக்கொண்டு காத்திருந்தது கூடியிருக்கிறது. பல வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய வருமானம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. இடம் குறையக் குறைய வரிசையில் நிற்பவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அவர்களும் விடாமுயற்சிக்காரர்கள்தான். விடாமல் இருந்ததற்குத்தான் விலை கொடுத்தார்கள்.

இந்த வரிசையிலிருந்து உங்களை யாரும் எழுப்பிவிடவும் மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மத்திய குடிமைப்பணித் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 6 முறை, ஓபிசிக்கு 9 முறை என்று ஒரு கணக்கு உண்டு. அது முடிந்தால் வெளியே வந்தாக வேண்டும். குரூப் 4இல் அந்த எண்ணிக்கை கிடையாது. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினர் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் படித்திருந்தால், பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது. சலுகை நல்லதுதான். ஆனால் 'போதும்' என்று சொல்லும் வேலையையும் அது உங்கள் தலையிலேயே போட்டுவிடுகிறது.

அப்படியானால் இன்னொரு வருடம் முழுநேரம் உட்காரலாமா என்று எப்படி முடிவு செய்வது? மார்க்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மாலையில் நான் ஆப்டிடியூட் கணக்கு எடுக்கும் வகுப்புக்கு ஒரு தம்பி டெஸ்ட் பேட்ச் தாள் இரண்டைக் கொண்டுவந்தார். முந்தையதில் 138 சரி, புதியதில் 146 சரி. முகமெல்லாம் சிரிப்பு. உறுதியாகத் தெரிந்து போட்டதற்கு டிக், குத்துமதிப்பாகப் போட்டதற்குப் புள்ளி என்று இரண்டு தாளிலும் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். டிக் போட்டதில் சரியானவை முதல் தாளில் 119, இரண்டாவதில் 120. எட்டுக் கேள்வி கூடியதில் ஏழு அதிர்ஷ்டம். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே, எண்பது கேள்விக்கு இருபது சரியாக விழும். ஒரு நாள் பதினைந்து விழும், ஒரு நாள் இருபத்தாறு விழும். நாம் அதை முன்னேற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

விடைத்தாளில் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் இருக்கிறதல்லவா? மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் அதை நிரப்புவது நஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். உண்மையான தேர்வில் நிரப்ப வேண்டாம். ஆனால் வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வில் நேர்மையாக நிரப்பிப் பாருங்கள். நான்கு மாதத்தில் அந்த ஐந்தாவது வட்டத்தின் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், முழுநேரமாக உட்கார்ந்தும் படிப்பு ஏறவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ரேங்க். தேர்வாணையம் மொத்த ரேங்கையும் உங்கள் பிரிவுக்கான ரேங்கையும் தருகிறது. நாலாயிரம் இடம் என்றால் பிசிக்கு 26.5 சதவீதம், அதாவது 1,060 இடம். மேலே இருப்பவர்கள் 31 சதவீதப் பொதுப்பட்டியலில் போய்விடுவதால் அழைப்பு இன்னும் கொஞ்சம் கீழே வரை வரும். பெண்களுக்கான ஒதுக்கீடு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் இவை கணக்கை இன்னும் மாற்றும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: உங்கள் பிரிவில் கடைசியாக அழைக்கப்பட்ட ரேங்கைப் போல இரண்டு மடங்குக்குள் உங்கள் ரேங்க் இருந்தால், இன்னொரு முறை முழுநேரம் உட்கார நியாயம் இருக்கிறது. பத்து மடங்கு தள்ளி இருந்தால் கிடையாது. "கொஞ்சத்தில் போயிடுச்சு" என்று ஊரில் எல்லாரும்தான் சொல்கிறார்கள். பத்து லட்சம் பேர் எழுதும் தேர்வில் இரண்டு கேள்விக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அடைந்திருப்பார்கள்.

இன்னொரு நிபந்தனை பணம். வீட்டில் ஒரு நிலையான வருமானம் இருந்து, உங்கள் செலவு அதில் பெரிதாகத் தெரியாது என்றால் சரி. வட்டிக்கு வாங்கிச் சென்னையில் ஹாஸ்டல் எடுத்துப் படிப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பாடம் அங்கேதான் இருக்கிறது என்பதும் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் அடிப்படை, அவை இணையத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது. மதுரைக்காரருக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அறைத் தோழர்கள் பேச்சுத்துணை, அவ்வளவுதான். அந்தப் பேச்சுத்துணை நல்லதா கெட்டதா என்பது அறையைப் பொறுத்தது.

சின்ன வேலையும் படிப்பும்

"வேலைக்குப் போனா படிக்க நேரம் இருக்காது சார்." எல்லாரும் சொல்லும் காரணம் இதுதான். முழுநேரம் படிப்பவர் சொல்லும் பத்து மணி நேரத்தைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். அதில் டீக்கடை, டெலிகிராம் குழு, கட் ஆஃப் எவ்வளவு வரும் என்ற யூடியூப் வீடியோ, மத்தியானத் தூக்கம் எல்லாம் அடக்கம். காலையில் இரண்டு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம், ஞாயிறு எட்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 26 மணி நேரம் வருகிறது. வேலைக்குப் போகிறவர் இதைப் படித்தால், முழுநேரக்காரரை விட ரொம்பப் பின்தங்கிவிட மாட்டார்.

நேரம் நிறைய இருந்தால் நிறையப் படிப்போம் என்பதற்கு எதிரான பழைய சாட்சி ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் மாரியன்தால் என்ற ஊரில், ஊருக்கே சோறு போட்ட நூற்பாலை 1929-30 வாக்கில் மூடப்பட்டது. சமூக ஆய்வாளர் மாரி யஹோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய்த் தங்கி, வேலையிழந்தவர்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. கையில் நேரம் கொட்டிக் கிடந்தது, படிக்கத்தான் ஆளில்லை. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்து பார்த்தார்கள், அது பெண்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. சம்பளம் மட்டும் போயிருக்கவில்லை, நாளைத் தாங்கி நிறுத்திய நேர ஒழுங்கும் சேர்ந்து போயிருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருப்பவர் ஐந்து மணிக்கு எழுந்து படித்துவிடுகிறார். அந்தக் கட்டாயம் இல்லாதவருக்கு ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் எந்த வேலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சம்பளத்தை இரண்டாவதாக வைத்து, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். தனியார் பள்ளி வேலை சம்பளத்தில் மோசம், நோட்டுத் திருத்துவது வேறு. ஆனால் மாலையில் விட்டுவிடுவார்கள், கையில் இருப்பதும் நீங்கள் படிக்க வேண்டிய அதே பாடப்புத்தகம். இ-சேவை மையம், மருத்துவமனை வரவேற்பு, ஆடிட்டர் அலுவலகம் எல்லாம் பரவாயில்லை. மைக்ரோ பைனான்ஸ் கலெக்‌ஷன் மட்டும் வேண்டாம் என்பேன். நாளெல்லாம் பைக்கில் வெயிலில் அலைந்து, தவணை கட்டாத வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தால், இரவு சிந்துவெளி நாகரிகம் தலையில் ஏறாது. இரவு ஷிப்ட் கால் சென்டரும் அப்படித்தான். உணவு டெலிவரியில் நேரம் நம் கையில் என்பார்கள். ஊர் சாப்பிடும் நேரமெல்லாம் நீங்கள் ரோட்டில் இருப்பீர்கள்.

அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கணினி இயக்குநர் வேலை கிடைத்தால் போகலாம், ஒரு எச்சரிக்கையோடு. "இங்கேயே இருந்தா ஒரு நாள் பர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். பத்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருப்பார். தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில் சொல்லிவிட்டது. மாலை ஐந்தே முக்காலுக்கு விடுகிறார்கள் என்பதற்காக மட்டும் அந்த வேலைக்குப் போங்கள்.

சேரும்போது இரண்டு விஷயம். வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பிடித்தால் உங்கள் பெயரில் ஒரு யுஏஎன் எண் உண்டாகும், நாளைக்கு அதுதான் அனுபவத்துக்குச் சாட்சி. அப்புறம், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேராதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும் வாரத்தில் பழைய முதலாளியிடம் போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்க முடியாது.

தனியார் வேலையை மட்டும் துரத்துவது

தேர்வு பிடிக்காதவர்கள், பொறியியல், வணிகவியல் மாதிரி நேரடியாக வேலைச்சந்தை உள்ள படிப்பு படித்தவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். இங்கே காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், 100 நகரங்களில் ஏறத்தாழ 3,000 வேலைகளுக்குச் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். தகுதியெல்லாம் ஒரே மாதிரிதான், எத்தனை மாதமாக வேலை இல்லை என்பது மட்டும் வேறு. 2013இல் முடிவு வெளியானது. முதல் எட்டு மாதத்துக்குள் அழைப்பு வேகமாகக் குறைகிறது, அதற்கப்புறம் பெரிதாகக் குறைவதில்லை. வேலையின்மை அதிகமாக உள்ள நகரங்களில் அந்த இடைவெளியை நிறுவனங்கள் அவ்வளவாகக் குற்றமாகப் பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது. அது அவர்கள் ஊர். ஆனாலும் நம் ஊர் எச்ஆர் முதல் கேள்வியாக "இந்த கேப்ல என்ன பண்ணீங்க?" என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லலாம். குரூப் 2 பிரிலிம்ஸ் தேறியிருந்தால் அதைச் சொல்லுங்கள், அதுவும் ஒரு தகுதிதான். அவர்களுடைய உண்மையான பயம் அடுத்த கேள்வியில் இருக்கிறது: "ரிசல்ட் வந்தா போயிடுவீங்களா?" போகமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம், நம்பவும் மாட்டார்கள். "எப்போது போனாலும் நோட்டீஸ் காலத்தை முடித்து, வேலையை ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்" என்பது நேர்மையான பதில்.

நாளுக்கு ஐம்பது விண்ணப்பம் அனுப்புவதை விடாமுயற்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கைபேசியில் விரல் போகிற வேகத்தில் போன விண்ணப்பத்தை எதிர்ப்பக்கமும் அதே வேகத்தில்தான் தள்ளிவிடும். தேர்வில் தோற்றால் ஒரு மார்க்காவது கைக்கு வருகிறது. இங்கே மௌனம் மட்டும்தான் வரும், அதுதான் ஆளைத் தின்னும். அதனால் நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எங்கே அனுப்பினோம், யார் மூலம், எந்தச் சுற்றில் நின்றது. ரெஸ்யூமே எடுபடவில்லையா, எழுத்துச் சுற்றில் போகிறதா, நேர்காணலில் போகிறதா என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு. கல்லூரி சீனியர்கள் மூலமாகப் போகும் ரெபரலுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். அவர்களும் யாரையோ கேட்டுத்தான் உள்ளே போனார்கள்.

தேடல் நீண்டுகொண்டே போகும்போதுதான் 'பேக்டோர்' காரர்கள் வருவார்கள். பணம் கட்டினால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம், ஐடியில் உள்ளே தள்ளிவிடுகிறோம் என்பார்கள். சான்றிதழ் அச்சடிக்கலாம், வைப்புநிதிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த பணத்தை அச்சடிக்க முடியாது. பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் நல்ல வழி ஒன்று அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு வேலைப் பயிற்சி. பொறியியல், டிப்ளமோ முடித்தவர்களுக்கு மட்டுமல்ல, கலை அறிவியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் பதிய வேண்டும். தெற்கு மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. என்எல்சி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன. 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று இருந்தது. ஒரு வருடம். முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. படிப்பு முடித்துச் சில ஆண்டுகளுக்குள் இருப்பவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள் என்பதால், இது மூன்றாவது வருடத்துக்குத் தள்ளிப்போடும் யோசனை இல்லை. கேப் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைத்தொழில் தெரிந்தவருக்கும் நர்சிங் படித்தவருக்கும் அது நல்ல வழி. வெறும் பட்டத்தோடு, இங்கே கிடைக்கவில்லை என்ற வெறுப்பில் போகிறவருக்கு இல்லை. முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கிண்டியில் இருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று நம்பிப்போய் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022இல் மீட்கப்பட்ட இளைஞர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்களும் படித்தவர்கள்தான்.

எந்தக் கதவு முதலில் மூடுகிறது

முழுநேரமா பகுதிநேரமா என்பதை முடிவு செய்துவிட்டாலும், எந்தத் தேர்வை எழுதுவது என்பது மிச்சம் இருக்கிறது. இதில் நம் பிள்ளைகள் வரிசையை மாற்றிப் பிடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். டிஎன்பிஎஸ்சியையே நான்கைந்து வருடம் எழுதிவிட்டு, இருபத்தொன்பது வயதில் "பேங்க் ட்ரை பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். வங்கி எழுத்தர் தேர்வுக்கு உச்ச வயது 28, அதிகாரி தேர்வுக்கு 30. ஓபிசிக்கு மூன்று வருடம், எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடம் கூடுதல். அந்தக் கதவு மூடிவிடும். டிஎன்பிஎஸ்சி கதவு பலருக்கு அதற்குப் பிறகும் திறந்தே இருக்கும். அப்படியிருக்க, மூடப்போகும் கதவைத்தானே முதலில் தட்ட வேண்டும்?

வங்கித் தேர்வின் இன்னொரு வசதி அதன் காலண்டர். அதை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பு ஜனவரி வாக்கிலேயே அந்த வருடத்துத் தேதிகளை வெளியிட்டுவிடுகிறது, பெரும்பாலும் அதை ஒட்டியே நடத்துகிறது. தோற்றாலும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, தவறுக்குக் கால் மதிப்பெண் போகும் என்பதால் குத்துமதிப்புக்கு இங்கே வேலை இல்லை. எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான். அந்த ஆங்கிலத்துக்குப் பயந்துதான் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. ஆனால் அதற்குத் தயார் செய்யும் ஆங்கிலம் தனியார் நேர்காணலுக்கும் ஆகும், கணக்கு குரூப் 4இன் 25 ஆப்டிடியூட் கேள்விக்கும் ஆகும். தோற்றாலும் கையில் மிஞ்சுவது இதில் அதிகம். ரயில்வேயை நம்பி மட்டும் நாளைத் திட்டமிடாதீர்கள். 2019 பிப்ரவரியில் அறிவித்த என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான) தேர்வின் இரண்டாம் கட்டம் 2022இல்தான் நடந்தது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பல வீடுகளில் 'படித்துக்கொண்டிருக்கிறாள்' என்பதுதான் மாப்பிள்ளை பார்ப்பதைத் தள்ளிப்போடும் ஒரே காரணம். படிப்பை விட்டுச் சின்ன வேலைக்குப் போனால், "அதான் ஒண்ணும் ஆகலையே" என்று மறுவாரமே ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர் முழுநேரப் படிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது தேர்வுக்காக மட்டும் இல்லை. அவரிடம் ரேங்க் கணக்கைப் பேசிப் பயனில்லை. ஆனால் சொந்த வருமானம் வந்தால் பேரம் பேசும் பலமும் வரும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பள்ளி வேலையோ வங்கித் தேர்வோ, வெளியூரில் ஒரு பயிற்சியோ, எதைச் சொன்னால் வீட்டில் இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆக, 26 வயது, பிசி, பி.எஸ்சி. முடித்து மூன்று வருடம், குரூப் 4இல் பிரிவு ரேங்க் பல ஆயிரம் தள்ளி, அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. இப்படி ஒருவர் கேட்டால் நான் சொல்வது: இந்த மாதமே மாலையில் விடும் வேலை ஒன்றில் சேருங்கள். இரண்டு வருடம் வங்கித் தேர்வை முதன்மையாகவும் குரூப் 4, குரூப் 2ஐப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, எந்தத் தேர்வு வரை என்று பெயர் சொல்லி ஒரு முடிவுத் தேதியை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதுவே ரேங்க் இரண்டு மடங்குக்குள், அக்கா சம்பாதிக்கிறார், வாடகைச் செலவு இல்லை என்றால், இன்னும் ஒரே ஒரு குரூப் 4 வரை முழுநேரம் உட்காருங்கள் என்பேன். பொறியியல் முடித்து ஒரு வருடத்துக்குள் இருப்பவரிடம் தேர்வைப் பற்றியே பேச மாட்டேன், நாட்ஸ் தளத்தில் பதிந்தாயிற்றா என்றுதான் கேட்பேன்.

வங்கிப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதிலும் கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) இல்லை என்பது அந்தந்த நிதியாண்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.